செத்த நேரத்தில் விழுந்த கொக்கி

பேய் கீய் என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தையல்நாயகி அக்காவிடமும் அப்படித்தான் எரிந்து விழுந்தேன்.

தொண்ணூற்றாறில் ராக்கெட்டில் மேலே போன எக்ஸ்ரே தொலைநோக்கி சரியாக எண்ணுகிறதா என்று பார்ப்பது எங்கள் இருவர் வேலை. மாறாமல் எரியும் ஒரு நட்சத்திரத்தை அதற்குக் காட்டுவார்கள். இத்தனை கதிர் வரவேண்டும் என்று நமக்குத் தெரியும். வந்தது எத்தனை என்று கட்டுக் கட்டாகத் தாளைப் புரட்டணும். எப்போதும் குறையும். ஒரு கதிர் பட்டதும் கருவி குருடாகித் தெளியும். கண் இமைக்கிற நேரம்கூட இல்லை, ஆனால் அதற்குள் வருவது பதியாது. அதற்கு டெட் டைம் என்று பெயர். அக்கா அதைச் 'செத்த நேரம்' என்பார்.

அந்தச் சொல் வந்தாலே நான் பேச்சை மாற்றுவேன். ஏழு வருஷம் முன்பு அவர் வீட்டுக்காரர் சம்பந்தம், "செத்த நேரத்துல வந்துடறேன்" என்று நீலக் கட்டம் போட்ட சட்டையோடு தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கிளம்பியவர், திரும்பவில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, எல்லாம் அலைந்தாச்சு. அன்றிலிருந்து அக்கா சிட்லபாக்கத்து வீட்டின் கேட்டை விட்டு நகர்வதில்லை. தாள்களை நான்தான் பஸ்ஸில் சுமந்து போவேன்.

"ஞானம், அவர் வராருடி. நான் குனிஞ்சு எழுதற நேரமா பார்த்து வராரு. கொக்கி விழற சத்தம் கேக்குது. தலையைத் தூக்கினா யாரும் இல்ல, கேட் மூடியிருக்கு."

"உங்களுக்குக் கழண்டுபோச்சுக்கா" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. நோட்டைக் காட்டினார். எட்டு மாசத்தில் நாற்பத்தொரு தடவை, தேதியோடு, மணியோடு.

"என் கண்ணுக்கு அது செத்த நேரம். இன்னொரு கண் வேணும். நான் குனியறேன், நீ கேட்டையே பாரு. அவர் வராருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

பகல் மூணு மணி. வாசல் திண்ணையில் உட்கார்ந்து அக்கா எழுதினார். நான் கண்ணில் தண்ணி வழிய, சிமிட்டாமல் பார்த்தேன்.

கேட் சத்தமில்லாமல் திறந்தது. நீலக் கட்டம் போட்ட சட்டை. முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. வெளியே இறங்கி, திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டிக் கொக்கியைப் போட்டார். சத்தம் கேட்டது. அப்புறம் தெருவில் யாரும் இல்லை.

அவர் வரவில்லை. போகிறார். நாற்பத்தொரு தடவையும் இந்த வீட்டுக்குள்ளிருந்துதான் போயிருக்கிறார். என் பின்னால் சமையலறைக் கதவு திறந்து கிடந்தது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"வந்தாராடி?" அக்கா தலையைத் தூக்கினார்.

அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "கண்ணைச் சிமிட்டிட்டேன்க்கா" என்றேன்.

"பரவால்ல. மறுபடி வருவார்" என்று குனிந்து, நோட்டில் நாற்பத்திரண்டு என்று எழுதினார்.