தலைக்கு மேலே தொங்கிய வலை

பழவேற்காட்டில் மீன் பிடிப்பது எங்கள் தொழில். புதிதாக வாங்கிய நைலான் வலையை நாய் இழுத்துவிடுமென்று கூரை மூங்கிலில் உயரக் கட்டி, கடலில் விழுந்த கிழிசலை அண்ணாந்து பார்த்தபடியே ஊசி நூலால் பொத்துவேன். சில வாரங்களில் கண் எரிந்து நீர் கொட்டியது. பார்வை போகிறதென்றே பயந்தேன்.

படகு அண்ணனுடையது. “கண்ணு தெரியாதவன இட்டுக்கினு போனா பேஜாருடா. நீ கரையிலயே கெட” என்றுவிட்டார்.

ஒருநாள் பலத்த காற்று. வலை ஆடியதால் இறக்கி மடியில் போட்டு, குனிந்தே பொத்தினேன். சாயங்காலம் கண் எரியவில்லை. அப்போதுதான் புரிந்தது: அண்ணாந்து வேலை செய்தபோது இமைக்காமல் விழித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்; கண் காய்ந்துபோயிருக்கிறது.

இப்போது நெஞ்சுக்குக் கீழேதான் வலையைக் கட்டுகிறேன். படகிலும் ஏறிவிட்டேன்.

போன வாரம் அண்ணன் கண் எரிகிறதென்று சொட்டு மருந்து கேட்டு வந்தார். மருந்து தரவில்லை. நேரே அவர் வீட்டுக்குப் போய், கூரையில் தொங்கிய வலையை இறக்கிவிட்டு வந்தேன்.