தோள்பை நிறையத் தீனி

சூலூரிலிருந்து பழனிக்கு நடந்துபோன எங்கள் கூட்டத்தில் ஒருவர் மட்டும் முதுகில் பெரிய பையைச் சுமந்து வந்தார். ஒல்லியான ஆள். காவி வேட்டிக்குக் கீழே கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு கிடந்தது. வழிநெடுக அன்னதானப் பந்தல்களில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு நாங்கள் நடக்கத் திணறினோம். அவர் மணிக்கொரு தரம் நின்று, கடலை உருண்டையோ வெல்லக் கச்சாயமோ எடுத்து நிதானமாக மென்றார். அவ்வளவு ரசித்துச் சாப்பிடும் மனிதரை நான் பார்த்ததில்லை.

தாராபுரத்தில் ஆற்றில் கால் நனைத்தபடி, என்ன வேண்டுதல் என்று கேட்டேன்.

"ஊட்டுக்காரம்மா வாயில சாப்பிட்டு ஒரு வருசமாச்சுங்க. கொழாயிலதான் கஞ்சி ஊத்தறோம்."

"நல்லாயிருவாங்க."

"ஆகாதுங்க. டாக்டரே சொல்லிப்போட்டாரு. முருகங்கிட்டயும் நான் அதக் கேக்கலீங்க."

"அப்பறம் ஏனுங்க நடக்கறீங்க?"

கையிலிருந்த உருண்டையை உடைத்து எனக்குப் பாதி கொடுத்தார்.

"அவ பாத்துட்டிருக்கறப்ப எனக்கு ஒரு வாய் எறங்க மாட்டேங்குதுங்க. இங்கதானுங்க சாப்பிட முடியுது."

பழனியில் கும்பிட்டு முடித்ததும் நாங்கள் பஸ் பிடிக்க ஓடினோம். அவர் அடிவாரக் கடையில் நின்று பையை மறுபடி நிரப்பிக்கொண்டிருந்தார். இன்னும் மூன்று நாள் மகள் பார்த்துக்கொள்வாளாம். வீட்டுக்கும் நடந்தேதான் போகிறாராம்.