நீட்டாத இடது கால்

பிள்ளைகளா, ஓடப் போகுமுன் காலை நீட்டி மடக்குங்கள் என்று நான் சொன்னால் சிரிக்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்குள்ளேயே தறி இருந்தது. விடிந்ததும் அண்ணன் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால், பொழுது சாயும்வரை மிதியை மிதித்துக்கொண்டே இருப்பான். சாயங்காலமானால் சடுகுடு. எட்டிக் கால் போட்டு ஆளைத் தொடுவதில் எங்கள் தெருவில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆனால் களத்தில் இறங்குமுன் ஓரமாக மண்ணில் உட்கார்ந்துவிடுவான். ஒரு காலை நீட்டி, பெருவிரலைப் பிடித்துக் குனிந்து, மனசுக்குள் எண்ணுவான். பிறகு மறுகால். அதில் அவசரமே கிடையாது.

"நாள் பூரா குழிக்குள்ள மடங்கிக் கெடக்குத காலுலே. நீட்டிக் குடுக்காம வெடுக்குன்னு இழுத்தா நூலு மாதிரி அந்து போயிரும்" என்பான்.

பக்கத்துத் தெருக்காரர்களோடு பந்தயம் வைத்த அன்று பெருங்கூட்டம். அண்ணன் வலது காலை முடித்துவிட்டு இடது காலை அப்போதுதான் நீட்டினான். என் வகுப்புப் பையன் ஒருவன், "ஏலே, உங்க அண்ணன் ஆட வந்திருக்கானா, பாய் போட்டுத் தூங்க வந்திருக்கானா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகப் போயிற்று. அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, மொத ஆளா உன்னையத்தான் பாடிப் போகச் சொல்லுதாக. சீக்கிரம் வா!"

யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே கட்டிச் சொன்ன பொய்.

அவன் நம்பி எழுந்து ஓடினான். மூச்சுவிடாமல் பாடிக்கொண்டு உள்ளே போனவன், மூலையில் நின்றவனைத் தொட இடது காலை எட்டிப் போட்டான். தொட்டும்விட்டான். அடுத்த நொடி தொடையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் கிடந்தான்.

வைத்தியர் கட்டுப் போட்டார். அவன் ஊன்றி நடக்க ஒரு மாதம் ஆயிற்று. மிதியை மிதிக்க அதற்கு மேலும் ஆயிற்று. அதுவரை தறியில் அப்பாதான் இடுப்பு வலியோடு உட்கார்ந்தார். சடுகுடு அதோடு சரி.

மறுநாள் எங்கள் அணித் தலைவர் வீட்டுக்கு வந்தார். "ஏம்ல, உன்னையக் கடைசியால்லா அனுப்பணும்னு வச்சிருந்தேன். எவம்ல உன்னைய மொதல்ல ஓடச் சொன்னது?"

நான் கதவை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"நாந்தான் அவசரப்பட்டுட்டேன் அண்ணாச்சி" என்றான்.

உண்மையைச் சொல்லி அவன் காலைத் தொட்டு ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவன் இருந்தவரை நான் கேட்கவில்லை. அவனும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அன்றைக்கோ, நான் சொன்னதை அண்ணன் மறந்தே போய்விட்டான், தப்பித்தோம் என்று எண்ணி, சந்தோஷமாகத் தெருவுக்கு ஓடிவிட்டேன்.