விரதக் கணக்கில் வராத பால்

மகளுக்கு டான்சில் ஆபரேஷன் நடக்கவிருந்த காலையில் ஒரு டம்ளர் பாலைக் கொடுத்து அதை நிறுத்தியவன் நான். மறதியில் கொடுத்திருந்தால் மன்னிக்கலாம். யோசித்துக் கொடுத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், ஆஸ்பத்திரி ராஜபாளையத்தில். முந்தின நாள் ரத்தம், எடை எல்லாம் பார்த்துவிட்டு நர்ஸ் சொல்லியனுப்பினார்: "ராத்திரிச் சாப்பாட்டோட சரி. பொறவு ஆபரேஷன் முடியுற வரைக்கும் பிள்ளைக்கு ஒண்ணும் குடுத்துராதீக."

பட்டினி எங்களுக்குப் புதிதா? புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதமிருந்து, எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் படியேறும் குடும்பம். எங்கள் வீட்டுச் சட்டப்படி இட்லி விரதத்தை முறிக்கும். பாலும் பழமும் முறிக்காது. பெருமாளே ஆட்சேபிக்காத பாலை டாக்டரா ஆட்சேபிக்கப் போகிறார்?

மனைவிக்கு மட்டும் சந்தேகம். "ஒண்ணுமே குடுக்கக் கூடாதுன்னாகளே?"

"பால் என்ன சாப்பாடா? விரதத்துக்கு நீ குடிக்கலியா?"

"எனக்கு யாரும் தொண்டைய அறுக்கலியே."

பதில் சொல்ல முடியாத கேள்விகளை நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று சொல்லித்தான் சமாளிப்பேன். வாழைப்பழம் கொடுக்காமல் விட்டதைப் பெரிய கட்டுப்பாடாக நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் மகளின் கட்டிலில் உட்கார்ந்தார். 'குடிச்சியா' என்று அவர் கேட்கவில்லை.

"பாப்பா, காலையில என்ன குடிச்ச?"

"பால்."

"நல்லாருந்துச்சா?"

"சீனி பத்தல."

டாக்டர் எழுந்துவிட்டார். "இன்னைக்கு இல்ல."

மதுரையிலிருந்து சர்ஜன் வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். அதற்குள் மறுபடியும் காய்ச்சல் வந்தால் இன்னும் தள்ளிப்போகும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் தொண்டை வீங்கி, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் அழுகிற பிள்ளை. மனைவி என்னைப் பார்த்த பார்வையிலிருந்து தப்பிக்க, நான் டாக்டரைப் பின்தொடர்ந்து தாழ்வாரத்துக்கு ஓடினேன். கோபம் இருந்தது. அதைவிட, ஒரு டம்ளர் பால் என்னதான் செய்துவிடும் என்று தெரிந்துகொள்ளும் ஆசை இருந்தது.

"முழிச்சிருக்கப்போ தொண்டையில ஒரு காவக்காரன் இருக்கான் சார். வயித்துல இருந்து எது மேல வந்தாலும் நுரையீரல் பக்கம் விடாம இருமித் தள்ளிருவான். நான் மருந்து குடுத்தா பிள்ளையோட சேந்து அவனும் தூங்கிருவான்" என்றார். "நீங்க குடுத்த பாலு உள்ள திரிஞ்சு நிக்குது. அது மேல வந்து நுரையீரல்ல எறங்குச்சுன்னா, பிள்ளைய உசுரோட திருப்பித் தருவேன்னு நான் சொல்ல ஏலாது."

அதைக் கேட்ட பிறகும் எனக்கு வாய் நிற்கவில்லை. "அப்ப ஏன் எங்ககிட்ட கேக்காம அவகிட்ட கேட்டீங்க?"

"பெத்தவுக பொய் சொல்ல மாட்டாக சார். ஒண்ணும் குடுக்கலன்னு நெசமாவே நம்பிட்டு இருப்பாக. போன மாசம் ஒருத்தர் இட்லியே குடுக்கலன்னு அடிச்சுச் சொன்னாரு. தோசை குடுத்திருந்தாரு."

அந்த வாரம் முழுக்க நூலகத்தில் மயக்க மருந்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நல்லவேளையாகக் காய்ச்சல் வரவில்லை. அடுத்த முறை கிளம்புவதற்கு முந்தின இரவே தண்ணீர்க் குடத்தை ஒளித்துவைத்தேன். காலையில் பல் தேய்க்க விடவில்லை. பஸ்ஸில் யாரோ ஒரு பெண்மணி பாசத்தோடு நீட்டிய பிஸ்கட்டை நான் தட்டிவிட்ட வேகத்தில் அவர் வேறு இருக்கைக்கு மாறிக்கொண்டார்.

"பாப்பா, இன்னைக்கு என்ன குடிச்ச?" என்றார் டாக்டர்.

"அப்பா பக்கத்துலயே இருந்தாக" என்றாள் மகள், புகார் சொல்லும் குரலில்.

எச்சில் வற்றுவதற்கு ஓர் ஊசி போட்டார்கள். "நாக்கு ஒட்டுதுப்பா" என்றாள். ஏன் ஒட்டுகிறது என்று விளக்கினேன். கிடைத்ததே வாய்ப்பு என்று காவல்காரனை விளக்கினேன். முகத்தில் வைக்கப்போகும் மாஸ்க்கையும் அதன் வாசனையையும் விளக்கினேன். அந்த மயக்கக் காற்று ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும் பாதையை, அவள் படுத்திருந்த தள்ளுவண்டியின் கூடவே நடந்து, தியேட்டர் கதவு வரைக்கும் விளக்கினேன். மற்றப் பிள்ளைகள் அலறிக்கொண்டு போன அந்தக் கதவுக்குள் அவள் முனகல்கூட இல்லாமல் போனாள். விஷயம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெடுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். "முழிச்சிட்டா. நல்லாருக்கா. செத்த நேரத்துல பாக்கலாம்."

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ கேட்காமலிருக்க முடியவில்லை. "பயந்தாளா டாக்டர்? நான் எல்லாத்தையும் முன்னாடியே விளக்கமா சொல்லியிருந்தேன்."

"தெரிஞ்சுச்சு சார்" என்றார் அவர். "நான் மாஸ்க்கைக் கையில எடுக்கதுக்கு முந்தியே பாதித் தூக்கத்துல இருந்தா."