செவலையின் இருபத்தோராம் நாள்

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு பசுவின் உயிரைக் காப்பாற்றினேன். குறைந்தது ஒன்றரை மாதம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

தெல்தோட்டைப் பக்கம் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த செவலைக்கு இரண்டு தடவை சினை ஊசி போட்டும் பிடிக்கவில்லை. ஊசி போட வரும் சிங்கள ஐயாவை மாத்தையா என்போம். அவர் அப்பாவிடம் சலித்துக்கொண்டார். இந்த மாட்டுக்குப் பருவம் சீக்கிரம் அடங்கிவிடுகிறதாம், கத்துகிற அன்றைக்கே சொல்ல வேண்டுமாம். அப்பாவும் அம்மாவும் தேயிலை மலையில் வேலை முடிந்து வருவதற்குள் பாதிப் பொழுது போய்விடும். மூன்றாவது ஊசி போட்டதும் அப்பா இருபத்தோரு நாள் எண்ணிக் கலண்டரில் வட்டம் போட்டார். சினை பிடித்திருந்தால் அன்று செவலை கத்தாது.

அந்த நாள் விடிந்ததும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே அப்பா அம்மாவிடம் சொன்னார்:

"இந்தத் தடவையும் கத்துச்சுன்னா எறச்சிக்கு வித்துத் தொலைச்சிற வேண்டியதுதான்."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ இன்னைக்கு ஸ்கூலுக்குப் போவாத. கத்துனா ஒடனே மலைக்கு ஓடியா" என்றார்.

ஒன்பது மணியிருக்கும். செவலை புல்லை விட்டுத் தலையைத் தூக்கிக் கத்தியது. வாலுக்குக் கீழே கண்ணாடி போல வழும்பு தொங்கியது. மேலே கொழுந்து எடுக்கும் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்கிறதென்றால் இவள் கத்துவது அவர்களுக்கும் கேட்கும். கயிற்றை அவிழ்த்து, தண்ணீர் இரையும் ஓடைக்கு இழுத்துப்போனேன். சாக்கால் வாலைத் துடைத்தேன். வாய் திறந்தபோதெல்லாம் புல்லைத் திணித்தேன். துப்பிவிட்டுக் கத்தினாள். "வாய மூடுடி, வித்துருவாங்கடி" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் அப்பா மூச்சிரைக்க ஓடைக்கே வந்துவிட்டார்.

"கத்துச்சா?"

"இல்லப்பா."

அவர் செவலையைச் சுற்றி வந்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். இன்னும் ஒரு தடவை கத்தினால் செத்தேன் என்று நின்றேன். என்ன நினைத்தாளோ, அவள் தண்ணீரில் வாயை வைத்துவிட்டாள். அப்பா சிரித்தார். அன்று மாலை மாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார், எனக்கு சீனிப் பணிஸ் வாங்கி வந்தார். அதையும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடி கத்தியது. வயிற்றுவலி என்று பள்ளிக்குப் போகாமல் அதையும் மறைத்தேன்.

ஊசி போட்டு இரண்டு மாதமானதும் மாத்தையா வந்து, கையுறை போட்டு உள்ளே கைவிட்டுப் பார்த்தார். வெறும் வயிறு என்றார். பாலும் வற்றியிருந்தது, வெயில் காலத்தில் புல்லும் இல்லை. மாத்தையா அவருக்குத் தெரிந்த தமிழில் அப்பாவிடம் கேட்டார்:

"நீங்க சொன்னதுக்கு அந்த இருபத்தோராம் நாள் நான் வேற எங்கயும் போகல்ல தானே. ஊசியோட பக்கத்திலயே இருந்தேன். ஏன் கூப்பிடல்ல?"

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு செவலையைப் பார்த்தார்.

அடுத்த வாரம் செவலையை ஏற்ற லொறி வந்தது. விற்பேன் என்று வாயால் சொல்லிக்கொண்டே, இன்னொரு ஊசிக்கு ஆளையும் பிடித்து வைத்திருந்தார் அப்பா. நான் ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் செவலை எங்களிடமே நின்றிருப்பாள். அது என் மண்டையில் ஏறப் பல வருஷமானது. அன்று லொறிக்குப் பின்னால் அழுதுகொண்டு ஓடியபோது, அப்பாவைப்போல் கல்நெஞ்சக்காரர் உலகத்தில் இல்லை என்றுதான் நினைத்தேன்.