யாருக்கும் இல்லாத வண்டி

எங்கள் வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது என்று சொன்னால் ஆரணியில் இப்போது ஒருவரும் நம்ப மாட்டார்கள். எங்களிடம் அது ஓடியது ஒன்பது நாள்தான்.

கடையில் வாங்கிய வண்டி இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த என் தாய்மாமா தன் கையால் செய்தது. இன்ஜின், வேலூரில் பட்டாளத்துக்காரர்கள் கழித்துப்போட்டதை ஏலத்தில் எடுத்தது. பெட்ரோல் டேங்க், சர்ச்சுப் பாதிரியார் புது வண்டி வாங்கியபோது விட்டுக்கொடுத்தது. முன்சக்கரம் யாரோ ஒரு பால்காரருடையது. ஹெட்லைட் மட்டும் லாரியினுடையது. அதனால் எப்போது பார்த்தாலும் வண்டி திடுக்கிட்டு விழித்தது போலவே இருக்கும். முதல் தடவை பார்த்தபோது அம்மா சொன்னாள்: "இன்னாடா தம்பி, ஊர்ல கீற வண்டியெல்லாம் சேந்து பெத்த மாதிரி கீது."

அது என் பெரியக்காவுக்காகச் செய்தது. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி. குழிக்குள் இறங்கி உட்கார்ந்து இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும். அவளால் அது ஆகாது. ஆகவே பெரியவள் ஒரு வேலைக்கும் பிரயோசனமில்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அவள் பட்டு நூல் சுற்றியது, அறுந்த இழைகளை முடிந்தது, கட்டம் போட்ட தாளில் சேலைக் கரைக்கு டிசைன் வரைந்தது, பத்தாவது பாஸ் செய்தது எல்லாம் வேலையில் சேர்த்தி இல்லை.

அப்படிப்பட்டவளுக்கு சந்தவாசல் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பால்வாடியில் டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்தது. ஜூன் ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும். ஊரைப் பார்த்துவரலாம் என்று கிளம்பியவள், இரண்டாவது காலைத் தூக்கிப் படியில் வைப்பதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட, பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னால் விழுந்து எழுந்து வீட்டுக்கு வந்தாள். அந்த வேலையே வேண்டாம் என்றார் அப்பா. "பஸ்தானே ஏற முடியல? நான் வண்டி செஞ்சி தரேன்" என்றார் மாமா.

பெரியக்கா வண்டியைக் கரை டிசைன் தாளிலேயே வரைந்தாள். சீட்டு எத்தனை கட்டம், கைப்பிடி எத்தனை கட்டம் என்று எண்ணிச் சொன்னாள். பின்னால் இருபுறமும் தாங்கலுக்கு இரண்டு ஸ்கூட்டர் சக்கரங்கள். இடது காலால் போட வேண்டிய கியரைக் கையால் போடும்படி மாமா ஒரு கம்பியை மேலே தூக்கிக் கொடுத்தார். அந்தக் கம்பியின் முனை அவள் உள்ளங்கையைக் கிழித்தது. மறுநாள் காலை அப்பா தறியில் உட்கார்ந்து, குறுக்கு இழை போடும் நாடாவை ஓடவிடும் கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டினால், கயிற்றின் நுனியில் இருந்த மரக்குமிழைக் காணோம். அது வண்டியின் கியர் கம்பியில் இருந்தது. அப்பா இரண்டு நாள் திட்டினார். மூன்றாம் நாள் தனக்கு வேறு குமிழ் கடைந்துகொண்டு வந்தார். அவர் பெரியக்காவுக்கு மனதாரக் கொடுத்தது என்று எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ஒன்பது நாளும் சாயங்காலம் ஆற்றுப் பாலம் வரைக்கும் போய்வந்தோம். நான் பின்னால் உட்கார்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொள்வேன். அதுவரை தெருவில் நான் முன்னால் போய்விட்டு அவளுக்காக நின்று நின்று நடந்துதான் பழக்கம். அவள் முன்னால், நான் பின்னால் என்பது அந்த ஒன்பது நாள்தான். எனக்கு ஒன்பது வயது. சந்தோஷத்தில் கத்திக்கொண்டே போவேன்.

பத்தாம் நாள் சின்னக்காவைப் பெண் பார்க்கப் போளூரிலிருந்து வந்தார்கள். நொண்டிப் பெண் இருக்கும் வீடு என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள், தட்டு மாற்றிய பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தரகர் யோசனை சொல்லியிருந்தார். அப்பாவுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. பெரியக்காவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வண்டியைப் புழக்கடையில் தள்ளிப் பழைய போர்வையால் மூடினார்கள். அம்மா என் காதைப் பிடித்துக்கொண்டு, "பெரியக்கா பத்தி வாயத் தொறந்தே, தெரியும் சேதி" என்றாள்.

மாப்பிள்ளை கை கழுவப் புழக்கடைக்கு வந்தார். தண்ணீர் மொண்டு கொடுக்க நான் போனேன். போர்வைக்கு அடங்காமல் லாரி லைட் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் போர்வையை விலக்கிவிட்டு, "யார்துமா இது?" என்று கேட்டார்.

நான் கெட்டிக்காரி. உடனே பதில் வந்தது. "யார்தும் இல்லீங்க. மாமா சும்மா செஞ்சி வெச்சிகீறாரு."

"யாரும் ஓட்டறதில்லியா?"

"இல்லீங்க. சும்மாதான் நின்னுகினு கீது."

ரகசியத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் ஓடிவந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எல்லாம் பேசி முடித்துத் தட்டு மாற்றுகிற நேரத்தில் மாப்பிள்ளை தன் அப்பாவின் காதில் ஏதோ சொன்னார். அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே, "சீருன்னு ஒண்ணும் கேட்டு உங்கள பேஜார் பண்ணல. பின்னால சும்மா நிக்கிற வண்டிய பையனுக்குக் குடுத்துடுங்க, போதும்" என்றார்.

மாமா எழுந்துவிட்டார். அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அது பெரியவளுடையது என்று அப்பா சொன்னால் போதும். ஆனால் அப்படி ஒரு பெரியவளே இல்லாமல் செய்து வைத்தவர் அவர்தான். "அதுக்கின்னாங்க, எட்த்துக்குங்க" என்றார்.

பிற்பாடு விஷயம் தெரிந்தபோது மாப்பிள்ளை, "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்று ரொம்ப வருத்தப்பட்டார். வருத்தப்பட்டாரே தவிர வண்டியைத் திருப்பித் தரவில்லை. பக்கத்துச் சக்கரங்களையும் கைக்கியரையும் அறுத்தெறிய மாமா மறுத்துவிட்டதால் போளூரில் வேறு யாரையோ வைத்துச் செய்துகொண்டார். கல்யாணத்தில் தாய்மாமா சடங்குக்கு வந்து நின்ற மாமா, சாப்பிடாமல் போனார். ஜூன் ஒன்றாம் தேதி பெரியக்கா வீட்டில் பட்டு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பால்வாடிக்கு வேறு ஒருத்தி வந்துவிட்டாள். அப்பாவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை; என்னை நானே மன்னிக்காதபோது அவரைச் சொல்லி என்ன.

பெண் பார்க்க வந்தவர்கள் போன அன்றைக்கே சாயங்காலம், பக்கத்து வீட்டிலிருந்து வந்த பெரியக்கா நேரே புழக்கடைக்குப் போனாள். கியர் கம்பியிலிருந்து மரக்குமிழைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தாள். நான் போய் அருகில் நின்றேன்.

"வண்டி யார்துன்னு உன்னியத்தான் கேட்டாராமே. நீ இன்னா சொன்ன?"

"யார்தும் இல்லன்னு சொன்னேன்க்கா. உன் பேர மூச்சே வுடல."

குமிழ் கையோடு வந்துவிட்டது. அதை மடியில் போட்டுக்கொண்டு என் தலையைத் தடவினாள். "நல்ல பொண்ணு" என்றாள்.

நான் துள்ளிக் குதித்து உள்ளே ஓடி, பெரியக்காவே என்னை நல்ல பெண் என்று சொல்லிவிட்டாள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவளுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன்.