முத்துக்கருப்பனுக்குச் சைக்கிள் கனத்த மூன்று வாரங்கள்

வியாழக்கிழமை காலை மருந்துக்கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் சர்வேயர் முத்துக்கருப்பனின் பெயர். அந்த நேரத்தில் அவர் அழைத்தால் சைக்கிள் சமாச்சாரமாகத்தான் இருக்கும். "என்னண்ணே, மறுபடியும் என் வண்டியைக் குறை சொல்லணுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். மறுமுனையில் அவர் மனைவி தெய்வானையின் குரல். "அண்ணே, அவுக போயிட்டாகண்ணே" என்றார். நான், "எங்க போயிட்டாரு?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவருடைய சொந்த ஊரான நேமத்தான்பட்டியில் எரியூட்டிவிட்டு வந்து பன்னிரண்டு நாளாகிறது. இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. ஞாயிறு காலைகளில் காரைக்குடியிலிருந்து அவரோடு மிதித்த உங்களுக்குத் தெரியும்: நம் ஆறு பேரில் தொப்பை இல்லாதவர் அவர் ஒருவர்தான். யாராவது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டால் திரும்பி வந்து கூட்டிப்போகிறவரும் அவர்தான்.

தாலுகா அலுவலகத்தில் நில அளவையர். எனக்கும் அவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. யார் மூத்தவர் என்று கேட்டுக்கொண்டதே இல்லை. ஒருவரை ஒருவர் அண்ணே என்போம். அவருடையது மெல்லிய குழாய்களால் ஆன பச்சை நிற ஸ்டீல் ஃபிரேம். நான் ஆசைப்பட்டு வாங்கியது எடை குறைந்த கார்பன் இழை ஃபிரேம். பிள்ளையார்பட்டி போய்த் திரும்புவதற்குள் இரண்டில் எது உசத்தி என்ற வழக்கு ஒரு தடவையாவது வந்துவிடும். ஸ்டீல் குலுக்கலை விழுங்கிவிடும், கார்பன் அதை மணிக்கட்டில் கொண்டுவந்து போடும் என்பது அவர் கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆத்தங்குடி சாலையில் டீக்கடை முன்னால் இரண்டு வண்டிகளையும் தலைகீழாகக் கவிழ்த்தார். என் சக்கரங்களைத் தன் வண்டியிலும், தன் சக்கரங்களை என் வண்டியிலும் மாட்டினார். "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாக்கணும்ணே. ரெண்டை மாத்துனா எது வேலை செஞ்சுச்சுன்னு தெரியாது." பிறகு அந்தக் குண்டும் குழியுமான சாலையில் இரண்டையும் மாறி மாறி ஓட்டினார். அவருடைய அகன்ற டயர்களோடு என் கார்பன் மெத்தை போலப் போனது. கல் போலக் காற்றடித்த என் டயர்களோடு அவருடைய ஸ்டீல் பல் கிட்டிப்போகும்படி குலுக்கியது. வந்து இறங்கியதும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "மூணு வருசமா ஸ்டீலு ஸ்டீலுன்னு கத்துனேன். பூராம் டயர்ல இருந்த காத்துண்ணே!"

ஆனால் முழுதாக விட்டுக்கொடுக்கவும் இல்லை. எழுந்து நின்று அழுத்தினால் கார்பன் அந்த நொடியே பாய்கிறது; ஸ்டீல் ஒரு மயிரிழை வளைந்து, பிறகு அந்த அழுத்தத்தைத் திருப்பித் தருகிறது என்றார். "உங்க வண்டி சொல்றதுக்கு முந்தி ஓடுது. எங்க வண்டி ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு ஓடுது."

போன மாதம் குன்றக்குடி தாண்டி வரும் ஏற்றத்தில் முதல் முறையாக அவர் பின்தங்கினார். காரில் போகிறவர்களுக்கு அது ஏற்றம் என்றே தெரியாது. "வண்டி கனக்குதுண்ணே" என்றார். அந்த வாரம் முழுக்க வண்டியைப் பிரித்து, பெடல் அச்சைக் கழுவி, கிரீஸ் வைத்து, பிரேக் உரசுகிறதா என்று பார்த்தார். அடுத்த ஞாயிறும் கனத்தது. டயரை மாற்றினார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். "இரும்புக்கு வயசாயிருச்சுண்ணே, கார்பனுக்கு வந்துருங்க" என்றேன். எல்லோரும் சிரித்தோம். நீங்களும் சிரித்தீர்கள்.

மூன்றாவது ஞாயிறு அவரே என் வண்டியைக் கேட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு கொடுத்தேன். அவருடைய ஸ்டீல் சைக்கிளில் நான் பின்னால் போனேன். அது கனக்கவே இல்லை. கழுவித் துடைத்த அந்த வண்டி ஏற்றத்தில் வழுக்கிக்கொண்டு போனது. நல்லாத்தானே வைத்திருக்கிறார் என்று மட்டும் நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. மேட்டு உச்சியில் அவர் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"இதுவும் கனமாத்தாண்ணே இருக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "வேணும்னே சொல்றீக" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே என் வண்டியைத் திருப்பித் தந்தார். வழக்கை அவர் பாதியில் விட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான்கு நாள் கழித்து, வேலைக்குக் கிளம்பச் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இதயத்தில் அடைப்பு என்றார் மருத்துவர்; நாளாகவே இருந்திருக்கும் என்றார்.

"மாடிப்படி ஏறுறதுக்கே நடுவுல உக்காந்து உக்காந்து ஏறுனாக" என்று தெய்வானை அழுதார். "ஏன்னு கேட்டா, சைக்கிள்ல என்னமோ கோளாறு, மிதிச்சுக் கால் அசந்துபோச்சுன்னாகண்ணே."

இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று யார் சொன்னாலும், மாத்திரை கொடுக்க மாட்டேன். டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். அவர் சொன்னபோது மட்டும் எனக்குச் சைக்கிள்தான் காதில் விழுந்தது. கிரீஸை மாற்றினார், டயரை மாற்றினார், கடைசியில் வண்டியையே மாற்றினார். மூன்று வாரமும் மாறாமல் இருந்தது ஓட்டியவர் மட்டும்தான். அவ்வளவு கூர்மையாகப் பார்க்கிற மனிதருக்கு அது தோன்றவில்லை. அவர் வண்டியை ஓட்டிப் பார்த்த எனக்குமா தோன்றாமல் போனது?

போன வாரம் மீதி ஐந்து பேரும் மதுரைக்குப் போய் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டோம். நூலகர் ராமநாதனை மட்டும் மருத்துவர் வீட்டுக்கு அனுப்பாமல் அங்கேயே சேர்த்துக்கொண்டார். இப்போது நலமாக இருக்கிறார்.

என்னிடம் முத்துக்கருப்பனின் குரல் இருக்கிறது. அந்தக் கடைசி ஞாயிறு மத்தியானம், நான் கோபித்துக்கொண்டேனோ என்று நினைத்து வாட்ஸப்பில் பேசி அனுப்பியது. "அண்ணே, யோசிச்சுப் பாத்தேன். நல்ல வண்டிதாண்ணே உங்களது. எந்திரிச்சு மிதிச்சா சட்டுனு கெளம்புது. மேடு வந்தாத்தான்..." இங்கே நிறுத்தி மூச்சு வாங்குகிறார். மேட்டில் மிதித்துக்கொண்டல்ல, வீட்டில் உட்கார்ந்த இடத்திலிருந்து பேசும் மனிதர். "மேடு வந்தாத்தான், எதுன்னாலும் எனக்கு ஒண்ணு போல இருக்கு."

அந்த இடைவெளியை எத்தனை முறை கேட்டேன் என்று தெரியாது. அதற்குக் கீழே, அன்றைக்கு நான் அனுப்பிய பதிலும் அழியாமல் இருக்கிறது. ஒரு கட்டைவிரல் படம்.